பெரிய பிளாண்டட் டேங்க், பெரிய கரண்ட் பில்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அக்கினி நட்சத்திரம் முடிந்து பில் வரும் நேரத்தில் எனக்கு ஒரே மாதிரியான போன்கள் வரும். போன வருடம் அம்பத்தூரிலிருந்து ஒரு தம்பி பேசினார். "அண்ணா, பில்லைப் பார்த்துட்டு வீட்ல தொட்டியை எடுத்துடச் சொல்றாங்க." பிளாண்டட் டேங்க், அதாவது மீனோடு தண்ணீருக்குள் செடியும் வளர்க்கும் தொட்டி. மூன்று வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த செடிகள். போய்ப் பார்த்தால், கோளாறு ஒரே ஒரு கருவியில்தான். தொட்டி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

என் தொட்டி நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். மண்ணும் கல்லும் போக சுமார் 370 லிட்டர் தண்ணீர். வீடு சென்னையில். இந்த அளவிலும் இதைவிடப் பெரிதாகவும் உள்ள தொட்டிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த கோளாறுகளை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் தொட்டியில் எது பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். அதற்கு முன் ஒரே ஒரு வேலை, அளந்து பார்ப்பது.

## எதையும் மாற்றும் முன்: அளப்பது

பிளக்கில் செருகி வாட் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாக அதில் செருகி, ஓடும்போது எத்தனை வாட் என்று ஒரு தாளில் எழுதுங்கள். சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் கருவி), ஹீட்டர் மாதிரி விட்டுவிட்டு ஓடுகிறவற்றை முழு ஒருநாள் அதிலேயே விட்டு, எத்தனை யூனிட் ஓடியது என்று பாருங்கள்.

அந்த மீட்டர் இல்லையென்றாலும் வழி இருக்கிறது. ஈபி மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். பல வீட்டு மீட்டர்களில் அது 3200. ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தொட்டியை மட்டும் ஓடவிடுங்கள். போனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு பத்து சிமிட்டலுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். 3200 மீட்டர் என்றால், 11,250-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். பத்து சிமிட்டலுக்கு 50 விநாடி ஆனால் 225 வாட். எண் வேறாக இருந்தால் 3 கோடியே 60 லட்சத்தை அந்த எண்ணாலும், பிறகு விநாடியாலும் வகுங்கள்.

கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்த்து 230-ஆல் பெருக்காதீர்கள். சின்ன மோட்டார்களுக்கு அந்தக் கணக்கு அதிகமாகக் காட்டும். நல்ல பம்பைக் குறை சொல்லித் தூக்கிப்போட்டவர்கள் இருக்கிறார்கள்.

24 மணி நேரமும் ஓடும் கருவிக்கு ஒரு சுருக்குவழி: வாட்டை 1.44-ஆல் பெருக்கினால் இரண்டு மாத யூனிட். 35 வாட் கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கும் டப்பா ஃபில்டர்) என்றால் 50 யூனிட். 18 வாட் யூவி விளக்கு என்றால் 26 யூனிட்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதம் 500 யூனிட்தான் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் மேலே ஓடிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறுகிறது. 520, 560 என்று நிற்கும் வீட்டில் தொட்டியிலிருந்து 60 யூனிட் குறைத்தால் பில்லில் தெரியும் வித்தியாசம் பெரியது. உங்கள் பில் அந்தக் கோட்டுக்கு எங்கே நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

## அறிகுறி: புதிதாக எதுவும் வாங்கவில்லை, ஆனால் பில் எகிறிவிட்டது

முதலில் தொட்டிதான் காரணமா என்று பாருங்கள். வெயில் காலத்தில் படுக்கையறை ஏசி ஓடியதைத் தொட்டியின் மேல் போடுவது நிறைய வீடுகளில் நடக்கிறது. மேலே சொன்ன அளவை எடுத்து, ஒருநாள் யூனிட்டை 60-ஆல் பெருக்குங்கள். போன பில்லுக்கும் இந்தப் பில்லுக்கும் உள்ள வித்தியாசத்தில் அது பாதிக்குமேல் வந்தால் தொட்டியைத் தேடலாம்.

தொட்டி விளக்கு அணைந்த பிறகும் 100 வாட்டுக்கு மேல் ஓடுகிறதா? அப்படியானால் ஹீட்டர் அல்லது சில்லர். அடுத்த இரண்டு தலைப்புகளுக்குப் போங்கள்.

விளக்கு எரியும்போது மட்டும்தான் கூடுகிறதா? டைமரைப் பாருங்கள். கரண்ட் போய்ப் போய் வந்தால் முள் சுற்றும் டைமர் அந்த நேரமெல்லாம் நின்றுவிடும். காலை எட்டு மணி என்று வைத்தது பகல் பன்னிரண்டாகிவிடும். விளக்கு ஏன் நேரத்துக்கு எரியவில்லை என்று யாராவது கைச் சுவிட்சைப் போட்டுவிடுவார்கள், அது பிறகு டைமருக்குத் திரும்பவே திரும்பாது. இரவு பதினொரு மணிக்கு ஒரு தடவை எட்டிப்பார்த்தால் தெரிந்துவிடும்.

யூவி விளக்கு ஓடுகிறதா? தண்ணீர் பச்சையானபோது வாங்கிப் போட்டிருப்பீர்கள். தண்ணீர் தெளிந்து ஒரு வாரம் ஆனதும் அணைத்துவிடலாம். மறுபடி பச்சையானால் போட்டுக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க அது ஓட ஒரு காரணமும் இல்லை.

பகலில் ஏர் பம்ப்? செடிகளுக்காகச் சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கொடுக்கும் தொட்டியில் பகலில் ஏர் பம்ப் ஓடினால், காசு கொடுத்து ஏற்றிய வாயுவைக் காசு கொடுத்தே வெளியேற்றுகிறீர்கள். இரவில் மட்டும் போதும். வாட் சின்னதுதான், ஆனால் சிலிண்டர் சீக்கிரம் தீர்வதும் இதனால்தான்.

## அறிகுறி: ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணைவதே இல்லை

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நான் பார்த்ததிலேயே அதிக யூனிட் தின்றது இந்தக் கோளாறுதான்.

அம்பத்தூர் தொட்டியில் நடந்தது இது. கோடை முடியும் நேரம். தண்ணீர் 26 டிகிரி, கண்ணாடிபோல் தெளிவு, மீன்கள் நன்றாக இருந்தன. சில்லர் மட்டும் ஓய்வே இல்லாமல் ஓடியது. கடைக்காரர் கேஸ் குறைந்திருக்கும் என்றாராம். நான் தொட்டிக்குக் கீழே அலமாரிக் கதவைத் திறந்து, சம்ப்பின் (ஃபில்டராக வேலை செய்யும் கீழ்த் தொட்டி) கடைசி அறையில் டார்ச் அடித்தேன். தண்ணீருக்குள் ஹீட்டரின் குட்டிச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கண்ணாடி முழுக்க ஊசிமுனை அளவுக்குக் குமிழ்கள் ஒட்டியிருந்தன. மார்கழியில் போட்டு மறந்தது. உள்ளே தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டுவிட்டதால், எத்தனை டிகிரி ஆனாலும் அது அணையாது. 300 வாட் ஹீட்டர் சூடேற்ற, சில்லர் அந்தச் சூட்டை வெளியே தள்ள, இரண்டும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கின்றன. தண்ணீர் மட்டும் 26-லேயே நின்றதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 300 வாட் நாள் முழுக்க ஓடினால் 7.2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 432. சில்லர் ஓடியது தனி.

சோதிக்கும் முறை:

தெர்மாமீட்டரில் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். ஹீட்டரில் வைத்த அளவைவிடத் தண்ணீர் ஒரு டிகிரிக்குமேல் சூடாக இருந்தும் விளக்கு எரிந்தால் தெர்மோஸ்டாட் போய்விட்டது. அதைச் சரிசெய்ய முயலாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, கால் மணி நேரம் தண்ணீருக்குள்ளேயே ஆறவிட்டு, பிறகு எடுத்துத் தூக்கிப்போடுங்கள். சூடாக எடுத்தால் கண்ணாடி வெடிக்கும்.

தண்ணீர் குறைவான சூட்டில் இருந்து விளக்கு எரிந்தால் அது தன் வேலையைச் செய்கிறது. அப்போது வேறு கேள்வி: அந்த அளவு சூடு தேவையா? டிஸ்கஸ் வளர்த்தால் 28-க்குக் கீழே இறக்க முடியாது, சரி. டெட்ரா, ராஸ்போரா, கோரிடோராஸ் வைத்திருக்கும் செடித் தொட்டிக்கு 24 தாராளம். சமவெளியில் மாசி மாதம் வந்ததும் ஹீட்டரைப் பிளக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை வரை அதன் நினைப்பே வேண்டாம்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு ஹீட்டர் இல்லாமல் முடியாது. அங்கே மலிவான வழி தெர்மோகோல். ஓர் அங்குல தெர்மோகோலைத் தொட்டியின் பின்புறமும் இரண்டு பக்கமும் ஒட்டி, மேலே கண்ணாடி மூடி போட்டால் ஹீட்டர் எரியும் நேரம் கண்முன்னே குறையும். மூடி முக்கியம். சூடு அதிகம் போவது தண்ணீரின் மேற்பரப்பு வழியாகத்தான்.

ஹீட்டரும் சில்லரும் இரண்டுமே வேண்டும் என்கிற தொட்டியில் இரண்டுக்கும் நடுவே குறைந்தது 3 டிகிரி இடைவெளி விடுங்கள். ஹீட்டர் 24, சில்லர் 27. இரண்டையும் 26-இல் வைப்பவர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிடுகிறார்கள்.

## அறிகுறி: சில்லர் நிற்பதே இல்லை

ஹீட்டர் அணைந்திருக்கிறது என்று உறுதி செய்துவிட்டுத்தான் இங்கே வர வேண்டும்.

1. வைத்த அளவு. கடையில் 24-இல் வைத்துக் கொடுத்திருப்பார்கள். சென்னை மே மாதத்தில் அறையே 34 இருக்கும்போது 10 டிகிரி இறக்கச் சொல்வது கொடுமை. 27-க்கு ஏற்றுங்கள். பெரும்பாலான செடிகள் அதைத் தாங்கும். மாஸ் என்கிற பாசிச்செடி வகைகளும் சில சிவப்புச் செடிகளும் மட்டும் சோர்ந்துபோகலாம்.

2. தூசி. பக்கவாட்டு வலையைக் கழற்றுங்கள். நான் திறந்து பார்த்த சில்லர்களில் பாதியில் வலை கம்பளிபோல் மூடியிருந்தது. தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டுங்கள். உள்ளே அலுமினியத் தகடுகளைப் பெயின்ட் பிரஷால் மேலிருந்து கீழாக மட்டும் நீவுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கும். வெயில் காலத்தில் மாதம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும்.

3. இடம். அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் அது விடும் அனலையே திரும்ப இழுக்கும். அலமாரிக்குள் ஒரு தெர்மாமீட்டரை ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். அறையைவிட 4, 5 டிகிரி கூட இருந்தால் சில்லரை வெளியே எடுங்கள். காற்று வரும், போகும் பக்கங்களில் ஓரடியாவது காலி வேண்டும்.

4. விளக்கு நேரம். உச்சி வெயிலில் விளக்கும் எரிந்தால் இரண்டு சூடும் சேரும். மாலை நாலு மணியிலிருந்து இரவு பதினொன்று வரை எரியவிடுங்கள். வேலை முடிந்து வந்து உட்கார்ந்து ரசிக்கவும் அதுதான் நேரம். கார்பன் டை ஆக்சைடைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வின் டைமரையும் கூடவே மாற்ற மறக்காதீர்கள்: விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் திறந்து, அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மூட வேண்டும்.

5. ஃபேன். சில்லரே வேண்டியிருக்காது என்று பல தொட்டிகளில் நிரூபித்த கருவி. 12 வோல்ட் சின்ன ஃபேன் நாலைச் சாய்வாகத் தண்ணீர்ப் பரப்பில் அடிக்கும்படி மாட்டினால் மொத்தமே 10 வாட்டுக்குள் முடியும். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் கிட்டத்தட்ட 0.67 யூனிட் அளவுக்குச் சூட்டைக் கொண்டுபோகிறது. கோவை, மதுரை, திருச்சி மாதிரி காற்று உலர்ந்த ஊர்களில் 3, 4 டிகிரி இறங்கும். சென்னையில் கடற்காற்று ஈரமாக வீசும் நாட்களில் 2 டிகிரி இறங்கினாலே நல்லது. அப்படியும் சில்லருக்கு முதல் சுமையை ஃபேன் வாங்கிக்கொள்ளும்: ஃபேன் 26.5-இல் தொடங்கட்டும், சில்லர் 28-இல்.

ஆவியானதை ஈடுகட்ட போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் போகும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஆர்.ஓ. தண்ணீர் அல்லது பிடித்துவைத்த மழைத் தண்ணீர்.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய கட்டம்: இத்தனையும் செய்த பிறகு, கம்ப்ரசர் ஒரு மணி நேரம் ஓடியும் உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் சூட்டில் வித்தியாசமே இல்லை, அல்லது செப்புக் குழாய் ஓரம் எண்ணெய்க் கசிவு, அல்லது 'டிக்' என்று ஒலித்து ஓடப்பார்த்து நின்று, மறுபடி 'டிக்'. ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கே போதும். சில்லரின் பின்புற லேபிளில் இருக்கும் கேஸ் பெயரைப் போட்டோ எடுத்து முன்கூட்டியே அனுப்புங்கள். ஆர்-134ஏ என்றால் சிக்கலில்லை. ஆர்-600ஏ, ஆர்-290 இரண்டும் தீப்பற்றக்கூடியவை. அதில் பழக்கமுள்ளவர்தான் கைவைக்க வேண்டும். எங்கே கசிகிறது என்று பார்க்காமல் கேஸ் மட்டும் நிரப்பிவிட்டுப் போகவிடாதீர்கள், அடுத்த கோடைக்கு அதே செலவு வரும்.

## அறிகுறி: விளக்குக்கு யூனிட்டும் போகிறது, கண்ணாடியில் பாசியும் ஏறுகிறது

இரண்டுக்கும் காரணம் ஒன்றே: தேவைக்குமேல் வெளிச்சம்.

பத்து மணி நேரம் எரிந்தால் ஏழுக்குக் குறையுங்கள். ஒரே நாளில் வேண்டாம். வாரத்துக்கு அரை மணி, முக்கால் மணியாக.

அடுத்தது துடைப்பது. விளக்குக்குக் கீழே இருக்கும் கண்ணாடியில் உப்புப் படிந்து வெள்ளை வெள்ளையாக இருக்கும். வெளிச்சம் போதவில்லை என்று டிம்மரை நூறுக்கு ஏற்றியிருப்பீர்கள். அந்தக் கண்ணாடியைக் கழற்றி, வினிகர் நனைத்த துணியால் தொட்டிக்கு வெளியே வைத்துத் துடையுங்கள். பிறகு டிம்மரை 70-க்கு இறக்கிப் பாருங்கள். போனில் லக்ஸ் காட்டும் ஆப் இருந்தால் அதே இடத்தில் முன்னும் பின்னும் பாருங்கள். அந்த எண் துல்லியமாக இருக்காது, ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

இன்னும் டி5 குழல் வைத்திருப்பவர்களுக்கு மாற்றுவது கட்டுபடியாகும். 54 வாட் குழல் நாலு, பத்து மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 130 யூனிட். 110 வாட் எல்.இ.டி. ஏழு மணி நேரம் என்றால் 46. ஏற்கெனவே நல்ல எல்.இ.டி. இருந்தால் இன்னும் சிக்கனமானது என்று புதிதாக வாங்காதீர்கள். அந்தக் காசை மின்சாரத்தில் மீட்க வருடங்கள் ஆகும்.

குறைத்த பிறகு செடி கரைகிறதா? வெளிச்சத்தைக் குறைத்த வேகம் கூடிவிட்டது, அல்லது செடியே அதிக வெளிச்சம் கேட்கும் வகை. அடியில் தரைபோல் படரும் செடிகளும் ரோட்டாலா மாதிரி சிவப்புத் தண்டுச் செடிகளும் முதலில் முகம் வாடும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் கவலைப்படாது. கிரிப்ட் ஓடைக்கரை மர நிழலில் வளரும் இனம். இலங்கை ஓடைகளில் வளரும் வெண்ட்டி (wendtii) வகையைத்தான் நம் தொட்டிகளில் அதிகம் பார்க்கிறோம். பெரிய தொட்டியின் பாதியை இவற்றால் நிரப்பிவிட்டால் விளக்கை 50 சதவீதத்தில் வைத்தே அடர்த்தியான காடு பார்க்கலாம். வெளிச்சம் குறைந்தால் கார்பன் டை ஆக்சைடையும் குறையுங்கள், இல்லையென்றால் மீனுக்கு மூச்சுத் திணறும்.

## அறிகுறி: ஃபில்டர் ஓட்டம் குறைந்துவிட்டது, இன்னொரு பம்ப் போட்டால்தான் தண்ணீர் சுற்றுகிறது

இரண்டாவது பம்பை வாங்கும் முன் முதல் பம்பைக் கழுவுங்கள். வரிசை இதுதான்: உறிஞ்சு குழாயின் வாயில் சிக்கிய இலை, ஹோஸ் உள்ளே படிந்த பழுப்பு வழுக்கல், இதற்கு நீளக் கம்பி பிரஷ், முதல் ஸ்பாஞ்ச், கடைசியாக இம்பெல்லர் (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் குட்டி விசிறி). இம்பெல்லர் அறையில் நத்தை ஓடு ஒன்று சிக்கினாலே ஓட்டம் பாதியாகிவிடும். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

அடைத்த ஃபில்டரின் வாட் பெரும்பாலும் ஏறாது, கொஞ்சம் இறங்கவும் செய்யும். அதனால் வாட் மீட்டரைப் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று முடிவு செய்யாதீர்கள். வாளியில் பிடித்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: மிச்சம் பிடிக்க ஃபில்டரை இரவில் அணைக்காதீர்கள். ஓட்டம் நின்ற கேனிஸ்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, பாக்டீரியா செத்து, காலையில் போட்டதும் அந்த அழுகிய தண்ணீர் தொட்டிக்குள் வரும். மிச்சமாவது 15, 20 யூனிட். அதற்காக விடிந்ததும் மேலே மிதக்கும் மீன்களைப் பார்க்க நேர்ந்த வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். குறைக்கத்தான் வேண்டுமென்றால், பம்ப் பழுதாகும் நாளில் டி.சி. பம்பாக மாற்றுங்கள். 35 வாட்டுக்குப் பதில் 18 வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட் குறையும்.

## அறிகுறி: கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை

தொட்டியின் எல்லாப் பிளக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், அது இன்வெர்ட்டர் லைனில். இதுதான் காரணம், வேறு தேட வேண்டாம். விளக்கு, சில்லர், ஹீட்டர் மூன்றையும் நேர் லைனுக்கு மாற்றுங்கள். ஃபில்டரும் ஏர் பம்பும் மட்டும் இன்வெர்ட்டரில். ஃபில்டர் உறுமினால் உங்கள் இன்வெர்ட்டர் சைன் வேவ் இல்லை. பம்ப் சூடாகிக் கெடும். அப்போது ஏர் பம்பை மட்டும் விடுங்கள்.

லைன் பிரிக்கச் சுவருக்குள் வயர் இழுக்க வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியன் வேலை.

## அறிகுறி: தண்ணீரில் கைவிட்டால் 'சுர்'ரென்கிறது, அல்லது ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது

ஆர்.சி.சி.பி. என்பது கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். இங்கே யூனிட் கணக்கை ஓரமாக வையுங்கள். கையை எடுங்கள். தொட்டிக்குப் போகும் மெயினை அணைத்துவிட்டு, பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். மெயினைப் போட்டு, தண்ணீரைத் தொடாமல், ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். எதைச் செருகும்போது ஆர்.சி.சி.பி. விழுகிறதோ அதுதான் கசிகிறது. என் அனுபவத்தில் முதல் சந்தேகம் ஹீட்டர், அடுத்தது தண்ணீருக்குள் மூழ்கும் பழைய பவர்ஹெட் பம்ப். அந்தக் கருவி குப்பைக்குப் போகட்டும். டேப் சுற்றி, எம்-சீல் பூசித் திரும்பப் போடாதீர்கள்.

ஒயர் வழியாகத் தண்ணீர் வழிந்து பிளக்குக்குள் போகிறதா என்றும் பாருங்கள். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிப் பிறகு மேலேற வேண்டும். சொட்டு அந்த வளைவில் விழுந்துவிடும்.

வீட்டில் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், கசியும் கருவியை எடுத்த பிறகும் 'சுர்' நிற்கவில்லையென்றால், எர்த் சரியாக இருக்கிறதா என்று தெரியவில்லையென்றால், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை அன்றைக்கே கூப்பிடுங்கள். அவர் வரும்வரை மெயின் அணைந்தே இருக்கட்டும். மீன்களுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் போதும். செடிகள் இரண்டு நாள் இருட்டைத் தாங்கும். கேனிஸ்டர் சில மணி நேரத்துக்குமேல் நின்றிருந்தால், திரும்ப ஓட்டும் முன் உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிப் போடுங்கள்.